பிளக் சொல்லும் சாட்சி
நீர்ப்பம்பைக் காப்பதற்கு ஒரு பாடம்



1990ஆம் ஆண்டின் வன்செயல்களும் 2004 டிசெம்பர் 26ஆம் திகதியின் கடல்கோளும் எமது அம்பாறைக் கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்களை ஊர்விட்டு ஊர் பெயர வைத்தன. வட்டையில் வேளாண்மை செய்த கைகள், ஆலையடிவேம்புப் பக்கத்து மணல் நிலத்தில் குத்தகைக்கு ஒரு துண்டு காணி எடுத்து, கச்சானும் வெங்காயமும் மிளகாயும் போடப் பழகின. வாய்க்கால் தண்ணீர் இல்லாத அந்தக் காணிக்குக் கிணறும் ஒரு சிறிய நீர்ப்பம்பும்தான் உயிர். அந்தப் பம்பு நின்றால் பயிர் நிற்கும். பயிர் நின்றால் பட்ட கடன் மட்டும் நிற்காது.

இந்தப் பாடத்தில் பம்பின் மிகச் சிறிய உறுப்பு ஒன்றைப் பற்றிப் படிப்போம். அதுதான் பிளக். அதைக் கழற்றிப் பார்த்து இயந்திரத்தின் நோயை அறிவது எப்படி, புதிதாக வாங்கும்போது சரியானதைத் தெரிவது எப்படி என்பதே பாடம். முதலில் நாங்கள் நேரில் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம்.

ஒரு பிஸ்டனில் விழுந்த ஓட்டை

சில ஆண்டுகளுக்கு முன்பு, இடம்பெயர்ந்த எட்டுக் குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு பெற்றோல் பம்பு கொடுத்தோம். அதனோடு வந்த கையேட்டையும் கொடுத்தோம். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அது ஒரு வீட்டு முகட்டு வளையில் சொருகப்பட்டு அங்கேயே இருந்தது.

இரண்டாவது போகத்தில் பம்பின் பிளக் அடிக்கடி கரி பிடித்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. பொறுப்பாக இருந்த இரண்டு இளைஞர்கள் கடைவீதிக்குப் போய்க் கேட்டார்கள். "சூடான பிளக் போட்டால் கரி பிடிக்காது" என்று யாரோ சொல்ல, இருந்ததைவிட இரண்டு படி சூடான பிளக் ஒன்றை வாங்கிப் பூட்டினார்கள். சொன்னது போலவே கரி நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து இன்னொருவர் நல்லெண்ணத்தோடு எயர் கிளீனரைக் கழற்றினார். அது தூசியும் எண்ணெயும் சேர்ந்து சாக்குத் துண்டுபோல அடைத்துக் கிடந்தது. அதைக் கழுவிப் பூட்டினார். அப்போது ஆடிமாத வெயில். வெங்காயம் கிழங்கு வைக்கும் நேரம். பம்பு ஒரே மூச்சாக நான்கு மணித்தியாலம் ஓடியது. திடீரென்று சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்டது. பின்னர் பம்பு நின்றது. கயிற்றை இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் சும்மா வந்தது.

அக்கரைப்பற்றில் இயந்திரம் திருத்தும் ஒரு காக்காவிடம் கொண்டுபோனோம். அவர் தலையைக் கழற்றிப் பிஸ்டனை எடுத்துக் காட்டினார். அதன் நெற்றியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்து, அதில் வெள்ளி மணிகள் போலச் சிறு துகள்கள் ஒட்டியிருந்தன. அவை உருகிய பிஸ்டனின் அலுமினியத் துகள்கள். அவர் சொன்ன வார்த்தையை நாங்கள் மறக்கவில்லை.

"பாதர், பிளக் குத்தவாளி இல்ல. அது சாட்சி. கரி பிடிச்சிருக்கு, காத்து அடைச்சிருக்கு எண்டு அது சொல்லிச்சு. நீங்க காத்தைப் பாக்காம சாட்சிய மாத்திட்டீங்க."

பம்பு திருந்தி வர இரண்டு கிழமை சென்றது. வெங்காயத்தில் பாதி போயிற்று. கூட்டத்தில் அந்த இரண்டு இளைஞர்களைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். உண்மையில் தவறு எங்களுடையது. இயந்திரத்தைக் கொடுத்தோம், அறிவைக் கொடுக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இந்தப் பாடம்.

பிளக் என்ன செய்கிறது?

சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் கலந்து அழுத்தப்படும் வேளையில், கொயிலில் இருந்து பல ஆயிரம் வோல்ற் மின்சாரம் பிளக்கின் நடுக் கம்பிக்கு வருகிறது. நடுக் கம்பிக்கும் வளைந்த ஓரக் கம்பிக்கும் இடையிலுள்ள சிறிய வெளியை அது பொறியாகத் தாண்டுகிறது. அந்தப் பொறி கலவையை எரிக்க, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. நடுக் கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான், மின்சாரம் வேறு வழியால் ஓடிவிடாமல் காக்கிறது. ஜெர்மனியில் பொஷ் நிறுவனத்தின் பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட் 1902ஆம் ஆண்டில் உயர் அழுத்த மக்னீற்றோவோடு சேர்த்து உருவாக்கிய பிளக்கும் இதே முறையில்தான் வேலை செய்தது.

டீசலில் ஓடும் லேண்ட் மாஸ்டருக்கும் பெரிய உழவு இயந்திரத்துக்கும் இந்தப் பிளக் கிடையாது. அவை அழுத்தத்தின் சூட்டினாலேயே எரிகின்றன. ஆகவே பெற்றோல் பம்பு, மண்ணெண்ணெய்ப் பம்பு, மோட்டார் சைக்கிள், மருந்து தெளிக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கே இப்பாடம் பொருந்தும்.

கழற்றும் முறை

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல, நாம் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறோம். ஆனால் பார்க்கும் நேரம் முக்கியம். இயந்திரத்தை இயக்கி ஒரு நிமிடத்தில் கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். சோக் போட்டு இயக்கியதன் கரி அது.

1. பம்பு தண்ணீர் இறைத்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில், குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடட்டும்.
2. வேகத்தைக் குறைத்து நெடுநேரம் சும்மா ஓடவிடாமல், வேலை வேகத்திலிருந்தே நிறுத்துங்கள். கடைசியில் சும்மா ஓடிய கரி உண்மையை மறைத்துவிடும்.
3. சூடு ஆறும்வரை பொறுங்கள். சிலிண்டர்த் தலை அலுமினியத்தால் ஆனது. சூட்டோடு திருகினால் அதன் புரி கழன்று வரும்.
4. பிளக்கைச் சுற்றியுள்ள மணலைத் தூரிகையால் தட்டி ஊதிவிடுங்கள். ஒரு மணல் துளி உள்ளே விழுந்தாலும் சிலிண்டரைக் கீறும்.
5. வயரைப் பிடித்து இழுக்காமல், தொப்பியைப் பிடித்து இழுங்கள். சரியான பெட்டிச் சாவியை நேராகப் போட்டுத் திருகுங்கள். சாய்ந்தால் பீங்கான் வெடிக்கும்.

நிறம் சொல்லும் சேதி

இளம் மண்ணிறம் அல்லது இளஞ்சாம்பல்: நல்ல சுகம். கலவையும் சரி, பிளக்கும் சரி. மீண்டும் பூட்டிவிடலாம்.

இங்கே பழைய பாஸ்மாருக்கு ஒரு வார்த்தை. "செங்கல் நிறமாக இருக்க வேண்டும்" என்று அவர்கள் கற்பித்தது ஈயம் கலந்த பெற்றோல் காலத்தில். இலங்கையில் 2002ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதன் பின்பு ஆரோக்கியமான பிளக்கின் நிறம் முன்னைவிட வெளிறியே இருக்கும். சற்று வெளிறியிருப்பதைக் கண்டு பயந்து காபரேட்டரைத் திருக வேண்டாம்.

உலர்ந்த கரி, கையில் ஒட்டும் மை போல: எரிபொருள் கூட, காற்றுக் குறைவு. முதலில் எயர் கிளீனரைப் பாருங்கள். அடுத்து, சோக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நெடுநேரம் சும்மா ஓடவிட்டாலும், பொறி பலவீனமாக இருந்தாலும் இப்படி வரும். இவை எல்லாம் சரியென்றால் மட்டுமே பிளக் அளவுக்கு மிஞ்சிக் குளிரானது என்று எண்ணலாம்.

ஈரமான கறுப்பு, பிசுபிசுப்பு: ஒயில் மேலே ஏறுகிறது. நான்கு ஸ்ட்ரோக் இயந்திரமானால் பிஸ்டன் றிங் அல்லது வால்வு வழி தேய்ந்திருக்கும். ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும், பம்பைச் சரித்து வைத்துத் தூக்கியிருந்தாலும் இப்படி ஆகும். இரண்டு ஸ்ட்ரோக் தெளிகருவியானால், பெற்றோலில் ஒயில் கூடக் கலந்திருக்கிறீர்கள்.

ஈரம், ஆனால் எரிபொருள் மணம்: பொறி வரவில்லை, அல்லது சோக்கோடு பலதடவை கயிறு இழுத்து மூழ்கடித்துவிட்டீர்கள். மண்ணெண்ணெய்ப் பம்பில், இயந்திரம் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றியிருப்பீர்கள்.

சுண்ணாம்பு வெள்ளை, கொப்புளம், கம்பியின் ஓரம் உருகல்: இது ஆபத்து. பிளக் அளவு மீறிச் சுடுகிறது. காரணங்கள் பல. காபரேட்டர் துவாரம் அடைத்து எரிபொருள் குறைதல், காபரேட்டர் பூட்டில் காற்று உட்புகுதல், குளிரூட்டும் செதில்களில் வைக்கோலும் மண்ணும் அடைத்தல், பிளக் சரியாக இறுகாமை, பிளக் அளவுக்கு மிஞ்சிச் சூடானதாக இருத்தல். காரணம் காணும்வரை பம்பை ஓட்ட வேண்டாம்.

வெள்ளி மணி போன்ற துகள்கள்: பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. உடனே நிறுத்துங்கள்.

கம்பிகள் உருண்டு தேய்ந்து, இடைவெளி அகன்றிருத்தல்: நோய் இல்லை, முதுமை. புதியது போடுங்கள்.

பீங்கானில் வெடிப்பு: கீழே விழுந்திருக்கும், அல்லது தட்டும் சத்தத்தோடு இயந்திரம் நெடுநாள் ஓடியிருக்கும். அந்தப் பிளக்கை மீண்டும் பூட்ட வேண்டாம்.

சூடான பிளக், குளிரான பிளக்

இதில்தான் அதிகமானோர் தவறுகிறார்கள். சூடான பிளக் என்றால் சூடான பொறி தரும் பிளக் அல்ல. பொறி இரண்டிலும் ஒன்றே. தன் நுனியில் ஏறிய சூட்டை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதே வித்தியாசம்.

அடுப்பில் இரண்டு அகப்பைகள் இருப்பதாக நினையுங்கள். ஒன்றின் இரும்புக் காம்பு நீளம், மற்றதன் காம்பு குட்டை. நீளக் காம்பில் சூடு கைக்கு வர நேரம் எடுக்கும். குட்டைக் காம்பில் உடனே வந்துவிடும். பிளக்கின் மூக்குப் பீங்கானும் அப்படியே. மூக்கு நீளமானால் சூடு இரும்பு உடலையும் சிலிண்டர்த் தலையையும் சென்றடைய நெடுந்தூரம் ஓட வேண்டும். நுனி சூடாகவே இருக்கும். அது சூடான பிளக். மூக்கு குட்டையானால் சூடு விரைவில் இறங்கிவிடும். அது குளிரான பிளக்.

நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துவிடும். அதற்குக் கீழே கரி சேரும். சேர்ந்த கரி வழியாக மின்சாரம் ஒழுகிப் பொறி செத்துவிடும். ஏறக்குறைய 870 பாகைக்கு மேல் போனால், பொறி வருமுன்பே நுனி தணல்போல நின்று கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு அதைக் கீழே தள்ளும். அதனால்தான் எமது பம்பின் பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. ஒரு படி மாற்றினாலே நுனியின் சூடு 70 முதல் 100 பாகை வரை மாறக்கூடும். நாங்கள் இரண்டு படி மாற்றியிருந்தோம். அடைத்த எயர் கிளீனர் கூடுதல் எரிபொருளைக் கொடுத்து அந்தப் பிழையை ஒரு மாதம் மறைத்து வைத்திருந்தது. அதைக் கழுவியதும் பிழை வெளியே வந்தது. கழுவியவர் செய்தது சரியான வேலை. பூட்டியிருந்த பிளக்தான் பிழை.

இதிலிருந்து ஒரு பொது விதி பிறக்கிறது. மெதுவாக, குளிராக ஓடும் இயந்திரத்துக்குச் சூடான பிளக். கடுமையாக, சூடாக ஓடும் இயந்திரத்துக்குக் குளிரான பிளக். குளிரான பிளக்கால் வரும் கேடு கரி. அதைத் துடைத்துவிடலாம். மிஞ்சிச் சூடான பிளக்கால் வரும் கேடு உருகிய பிஸ்டன். அதைத் துடைக்க முடியாது. சந்தேகம் வந்தால் கையேடு சொன்ன இலக்கத்திலேயே நில்லுங்கள்.

இலக்கத்தைப் படித்தல்

பிளக்கின் மேல் அச்சிட்டிருப்பது அதன் அடையாள அட்டை. உதாரணமாக, எமது பகுதியில் பரவலாக உள்ள ஹொண்டா ஜி.எக்ஸ். 160 இயந்திரத்துக்குச் சொல்லப்பட்ட பிளக், என்.ஜி.கே. நிறுவனத்தின் பி.பி.ஆர்.6.ஈ.எஸ். என்பதாகும். முதல் 'பி' புரியின் விட்டம் 14 மில்லிமீற்றர் என்கிறது. இரண்டாவது 'பி' மூக்குப் பீங்கான் வெளியே நீட்டியிருப்பதைச் சொல்லுகிறது. 'ஆர்' உள்ளே மின்தடை உண்டு என்பதற்கு. '6' என்பதே சூட்டு இலக்கம். 'ஈ' புரியின் நீளம் 19 மில்லிமீற்றர் என்கிறது. 'எஸ்' நடுக் கம்பியின் வகையைக் குறிக்கிறது. 'ஈ' இருக்கும் இடத்தில் 'எச்' இருந்தால் புரி நீளம் 12.7 மில்லிமீற்றர்.

புரி நீளம் பிழைத்தால் சூட்டு இலக்கம் சரியாக இருந்தும் பயனில்லை. நீளம் கூடினால் பிஸ்டனோ வால்வோ வந்து முட்டும். குறைந்தால் தலையின் புரியில் கரி பிடித்து, பின்னர் சரியான பிளக்கும் ஏறாது. ஆகவே பழைய பிளக்கைக் கையில் கொண்டுபோய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே வாங்குங்கள். முன்பே யாராவது பிழையானதைப் பூட்டியிருக்கவும் கூடும் என்பதால், இயந்திரத்தின் கையேட்டிலுள்ள இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி அதையும் கொண்டுபோங்கள்.

இலக்கம் கூடினால் சூடா, குளிரா? நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு:

என்.ஜி.கே. - இலக்கம் கூடக் கூடக் குளிர்.
டென்சோ - இலக்கம் கூடக் கூடக் குளிர்.
பொஷ் (இந்தியாவிலிருந்து மைக்கோ என்ற பெயரில் வந்ததும் இதே குடும்பம்) - இன்றைய இலக்கங்களில் கூடக் கூடச் சூடு.
சாம்பியன் - கூடக் கூடச் சூடு.

என்.ஜி.கே. 6க்கு ஒத்தது டென்சோவில் 20, பொஷ்ஷில் 7, சாம்பியனில் 9. பொஷ் 7 கிடைக்கவில்லை என்று என்.ஜி.கே. 7 வாங்கினால் ஒரு படி குளிரானதை வாங்குகிறீர்கள். கடைக்காரரிடம் வெறும் இலக்கம் கேட்காமல், நிறுவனத்தின் பெயரோடு முழு எழுத்தையும் கேளுங்கள்.

எப்போது இலக்கத்தை மாற்றலாம்? எயர் கிளீனர், சோக், காபரேட்டர், செதில், ஒயில் அனைத்தும் சரியென்று கண்ட பின்பும் அதே குறி தொடர்ந்தால் மட்டும். அப்போதும் ஒரு படி மட்டுமே. மாற்றிய பின் இரண்டு நாள் வேலை செய்து கழற்றிப் பாருங்கள்.

மண்ணெண்ணெய் விடயம்

1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். பிளக்கைத் துடைப்பது அங்கே அன்றாட வேலையாயிற்று. அது வேறு வழியில்லாத மக்களின் சாமர்த்தியம். வழியுள்ள இடத்தில் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

பெற்றோலுக்கென்று செய்த இயந்திரம் கலவையைக் கடுமையாக அழுத்துகிறது. மண்ணெண்ணெய் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் தட்டும் சத்தத்தோடு வெடிக்கும். மண்ணெண்ணெய்க்கென்று செய்த பம்பின் அழுத்தம் குறைவானது. அதிலும் பெற்றோலில் இயக்கி, நன்றாகச் சூடேறிய பின்பே மாற்ற வேண்டும். நிறுத்துமுன் சற்று நேரம் பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழே ஒழுகி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் கோலை மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணத்தால் ஒயிலை மாற்றுங்கள்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. மிஞ்சிய மலிவு என்ற பழைய கணக்கு அத்தோடு மாறிற்று. பெற்றோல் பம்பில் மண்ணெண்ணெய் கலந்து மிச்சம் பிடிக்க எண்ணுவோர், ஒரு பிஸ்டன் வேலையின் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துடைத்தலும் பூட்டலும்

பிளக்கை அடுப்பில் போட்டுச் சுட்டுத் தண்ணீரில் நனைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பீங்கான் வெடிக்க அதைவிட நல்ல வழியில்லை. சிறிது பெற்றோலில் நனைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்து, வெயிலில் உலர்த்துங்கள். அடுப்பும் சுருட்டும் எட்ட இருக்கட்டும். கம்பித் தூரிகையால் பீங்கானைத் தேய்க்க வேண்டாம். அதில் ஒட்டும் உலோகக் கோடு மின்சாரத்துக்கு வழியாகிவிடும்.

மேலே சொன்ன இயந்திரத்துக்கு இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். அளவுத் தகடு இல்லாதவர்கள் இரும்பு அறுக்கும் கைவாள் அலகைப் பாவிக்கலாம். அதன் தடிப்பு ஏறக்குறைய 0.6 மில்லிமீற்றர். அலகு சிக்காமல், மயிரிழை இடம் விட்டு நுழைய வேண்டும். ஓரக் கம்பியை மட்டும் மெல்ல வளையுங்கள். நடுக் கம்பியைத் தொட வேண்டாம்.

பூட்டும்போது முதலில் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். கைக்கு இறுக்கமாக வந்தால் புரி மாறி ஏறுகிறது. திரும்பக் கழற்றுங்கள். கையால் இருந்த பின், புதிய பிளக்கைச் சாவியால் அரைச் சுற்றும், பழையதைக் கால் சுற்றுக்குள்ளும் இறுக்குங்கள். வாசர் இல்லாமல் பூட்ட வேண்டாம்.

பொறி வருகிறதா என்று பார்ப்பவர்கள், எரிபொருள் குழாயை அடைத்து, பிளக்கைத் தொப்பியில் போட்டு, சிலிண்டர்த் துவாரத்துக்குத் தூரத்தில் இயந்திரத்தின் இரும்பில் பிளக்கின் உடலைத் தொடவைத்துக் கயிறு இழுங்கள். துவாரத்தின் வாயில் வைத்தால் வெளிவரும் ஆவி பற்றும்.

நாம் செய்யக்கூடியது

அந்த எட்டுக் குடும்பங்களும் அதன்பின் ஒரு கொப்பி வைத்தார்கள். பம்பு ஓடிய மணித்தியாலம், எயர் கிளீனர் கழுவிய திகதி, ஒயில் மாற்றிய திகதி, பிளக்கின் நிறம் என்று நான்கு பத்திகள். முதல் பக்கத்தில் பிளக்கின் முழு இலக்கம். ஒரு புதிய பிளக்கும் பெட்டிச் சாவியும் தகரப் பேணியொன்றில் பம்போடு இருக்கும். கொப்பியை எழுதுகிறவர்கள், முன்பு குறை சொல்லப்பட்ட அதே இரண்டு இளைஞர்கள்தான். இப்போது பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் அவர்களிடம் பிளக்கைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

இன்று மாலை பம்பை நிறுத்தியதும், சூடு ஆறிய பின் உங்கள் பிளக்கை ஒருதரம் கழற்றிப் பாருங்கள். கண்ட நிறத்தை எழுதி வையுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. எமது பம்பின் பிளக் இலக்கம் என்ன? கையேட்டிலுள்ள இலக்கமும் அதுவும் ஒன்றா?
2. எயர் கிளீனரைக் கடைசியாகக் கழுவியது எப்போது? அது யாருடைய பொறுப்பு?
3. பிளக்கில் உலர்ந்த கரி கண்டால், புதிய பிளக் வாங்குமுன் பார்க்க வேண்டிய மூன்று விடயங்கள் எவை?
4. பொதுப் பம்பு பழுதானால் செலவை யார் ஏற்பது? இதைப் பழுது வருமுன்பே பேசி முடிவு செய்திருக்கிறோமா?